பறைசாற்றியது யார்?

எந்தத் தமிழ்ப் பத்திரிகையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது அந்த வினைச்சொல் கண்ணில் படும். கல்வெட்டு தமிழனின் பெருமையைப் பறைசாற்றுகிறது. கோபுரம் சோழனின் கொடையைப் பறைசாற்றுகிறது. கீழடியில் கிடைத்த பானை ஓடு நம் தொன்மையைப் பறைசாற்றுகிறது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது இன்னும் பழக்கம். கடலுக்குள் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்ட நாளிலிருந்து பறைசாற்றிக்கொண்டே இருக்கிறது. 2024 டிசம்பர் கடைசியில் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்து வெள்ளிவிழாக் கொண்டாடியபோது மறுபடியும் அதே சொல்தான்.

கொஞ்ச காலமாக இந்தச் சொல் வரும் இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டு, யார் பறைசாற்றுகிறார்கள், எழுவாய் எது என்று பார்த்து வருகிறேன். என் கண்ணில் பட்டவரைக்கும் எழுவாய் கல்தான். கல், செம்பு, சுடுமண், கோபுரம், சிலை, சில நேரம் ஒரு ஓலைச்சுவடி. உயிருள்ள மனிதன் ஒருவன், அதுவும் கையில் குச்சி பிடித்த மனிதன், பறைசாற்றினான் என்று செய்தி வந்ததாகக் காணோம். மனிதர்களுக்கு வேறு வினைச்சொற்கள் வைத்திருக்கிறார்கள். பறையை எடுத்துக்கொண்டார்கள், அடித்தவனை வாக்கியத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஊரில் நிறுத்தின அதே இடத்தில்.

இது சொல்லைப் பிடித்துக்கொண்டு செய்கிற சண்டை என்று சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும். ஒரு அறிவிப்புக்கு யார் பொறுப்பு, அறிவிக்கிற உரிமை யாருக்கு உண்டு, யார் வாயிலிருந்து வந்தால் ஒரு செய்தி செய்தியாகிறது என்பவையெல்லாம் நியாய அநியாயம் சம்பந்தப்பட்ட கேள்விகள். அதற்கான தடயம் இந்த ஒரு வினைச்சொல்லுக்குள் கிடக்கிறது.

முதலில் பறை. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிக்காரர்களுக்குப் பறை என்றால் தோற்கருவி மட்டும்தான். எங்களுக்கு அப்படியில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் கிழவிகள் இன்றைக்கும் “அவன் பறஞ்சது கேட்டியா”, “சும்மா பறையாத பிள்ளே” என்றுதான் பேசுவார்கள். பறைதல் என்றால் பேசுதல், சொல்லுதல். அகராதியிலும் அதுதான் இருக்கிறது. மலையாளத்தில் இன்றும் அதுதான் நடைமுறைச் சொல். பள்ளிக்கூடத்தில் நாங்கள் இப்படிப் பேசினால் அது மலையாளம், நல்ல தமிழ் பேசு என்று வாத்தியார் சொல்லுவார். பறை என்ற சொல்லின் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருந்த வாய்களுக்குக் கிடைத்த மரியாதை அது. பேச்சும் கருவியும் ஒரே சொல். பறைவது பறை. பறைகிறவன் எவன் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

தொல்காப்பியம் நிலத்துக்கு நிலம் கருப்பொருள் அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம் இவற்றோடு பறையையும் வைக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்லி, வேறு குடியே கிடையாது என்கிற அளவுக்குப் போகிறது. மணிமேகலையில் விழாவறை காதை என்றே ஒரு காதை இருக்கிறது. இந்திர விழா வருகிறது என்று யானைமேல் முரசேற்றி ஒருவன் புகார் நகரத்துக்குச் சொல்லுகிறான். பழமையான குடியில் பிறந்தவன் என்று சாத்தனார் அவனை மரியாதையோடு குறிப்பிடுகிறார். அவன் விழாத் தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஊர் வாழட்டும், மழை பொழியட்டும், அரசனின் கோல் கோணாமல் இருக்கட்டும் என்றும் சொல்லுகிறான். அரசனுக்கு வேலை செய்கிறவன், அரசன் நேர்மையாக இருக்க வேண்டும் என்று நடுத்தெருவில் உரக்கச் சொல்லுகிறான். சொந்த வாக்கு இருந்த அறிவிப்பாளன்.

வள்ளுவன் என்ற பெயருக்கே அரசாணையை முரசறைந்து ஊருக்குச் சொல்பவன் என்று அகராதியில் ஒரு பொருள் உண்டு. வள்ளுவன் என்ற சாதிப் பெயர் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையிலும் இருக்கிறது. குமரிக் கடலில் நிற்கும் சிலை பறைசாற்றுகிறது என்று எழுதுகிற நிருபருக்கு, அந்தச் சிலைக்குரியவனின் பெயரே பறைசாற்றுகிறவன் என்பதாக இருக்கலாம் என்பது நினைவுக்கு வராது.

திருப்பாவையில் ஆண்டாளும் கண்ணனிடம் பறைதான் கேட்கிறாள். உரைகாரர்கள் அது வெறும் பறையல்ல, பகவானுக்குச் செய்யும் கைங்கரியம் என்று விளக்கியிருக்கிறார்கள். மார்கழி மாதம் பத்திரிகைகள் அதைத் தினமும் அச்சடிக்கின்றன. பாட்டில் வந்தால் கைங்கரியம், சாவு வீட்டில் வந்தால் தீட்டு.

சாற்றுதல் என்ற சொல்லும் லேசுப்பட்டது அல்ல. சாமிக்கு மாலை சாத்துவார்கள். கதவைச் சாத்துவார்கள். நம்ம ஆட்கள் எதிர்த்துப் பேசினால் அவர்களையும் நாலு சாத்து சாத்துவார்கள். மூன்றும் ஒரே ஊரில், சில நேரம் ஒரே நாளில் நடக்கும்.

பள்ளிக்கூட இலக்கணத்தில் கருத்தா இரண்டு வகை என்று படித்திருப்பீர்கள். தச்சன் நாற்காலி செய்தான் என்றால் இயற்றுதல் கருத்தா. கரிகாலன் கல்லணை கட்டினான் என்றால் ஏவுதல் கருத்தா. கரிகாலன் ஒரு கூடை மண்ணும் சுமக்கவில்லை. ஏவினான். ஆனாலும் வாக்கியத்தில் அவன்தான் கட்டினான். மன்னன் நாடெங்கும் பறைசாற்றினான் என்று கதைப் புத்தகத்தில் வருவதும் அதே ஏவுதல் கருத்தாதான். மன்னன் பறையைத் தொட்டிருப்பானா? தொட்டால் குளிக்க வேண்டாமா? முதலில் அடித்தவன் இடத்தில் ஏவினவன் உட்கார்ந்தான். ஏவின மன்னர்கள் எல்லாம் போன பிறகு அந்த இடத்தில் மன்னர்களின் கல் உட்கார்ந்தது. பத்திரிகைத் தமிழ் இந்த மூன்றாவது கட்டத்தில் நிற்கிறது.

எங்கள் பாட்டா அடித்தவர். அதனால் இதில் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. திருவிதாங்கூர் காலத்தில் பகுதிக் கச்சேரியில் பார்வத்தியக்காரர் இருப்பார். கரம் கட்டச் சொல்ல, குத்தகை ஏலம் சொல்ல, சானலில் தண்ணீர் திறக்கிற நாள் அடைக்கிற நாள் சொல்ல ஆள் விடுவார்கள். பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்த பிறகு நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூவும் கும்பப்பூவும் தண்ணீர் வருகிற தேதியைப் பார்த்துக் கிடந்தன. அந்தத் தேதியை ஊருக்குச் சொன்னவருக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. குளத்து மீன் ஏலம் என்று கூவுவார், அந்த ஏலத்தில் அவர் கேட்க முடியாது. கோயில் கொடியேற்றம் என்று கூவுவார், கொடியைப் பார்க்கக்கூடிய இடத்துக்கும் அவர் போக முடியாது. வெள்ளாளர் தெருவாக இருந்தால் தெரு முனையில் நின்றே அடித்துச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். இதனால் சகலமான பேர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால் என்று தொடங்குவார். அந்தச் சகலத்தில் சொல்லுகிறவன் சேர்த்தி இல்லை.

சின்ன வயதில் நான் அவரிடம் கேட்டேன்: “பாட்டா, ஒரு சொல்ல மாத்திப் பறஞ்சா என்ன செய்வாவ?”

அவர் சிரித்தார். “லே மக்கா, வாயிதாம்லே நம்மது. வாக்கு கச்சேரிக்குள்ளது. மாத்துனா முதுகு பழுத்துரும்.”

“அப்பம் நம்மளுக்கு ஏதும் பறையணும்னா?”

“நம்மளுக்கு என்னத்தப் பறைய? செத்தா அடிப்போம். கேக்குதவனுக்குத் தெரியும், எவனோ செத்துட்டாம்னு.”

அவர் வேதனையோடு இதைச் சொல்லவில்லை. வயலில் வேலை எப்படி என்று கேட்டால் எப்படிச் சொல்லுவாரோ அப்படித்தான் சொன்னார். ஊரைவிட்டு ஒருத்தரைத் தள்ளி வைத்திருக்கிறது, யாரும் நெருப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று அவர் கூவியிருக்கிறார். ஒரு தடவை தள்ளி வைக்கப்பட்டவர் அவருடைய சொந்தக்காரரே. அந்த அறிவிப்பின் பாவம் யாருக்கு? ஏவினவனுக்கா, வாய் கொடுத்தவனுக்கா? மாற்றிச் சொல்ல அவருக்கு வழியே இல்லை என்பதால் அவர் தலையில் பாவத்தைக் கட்ட எனக்கு மனம் வராது. வாய் மட்டும் இருந்து வாக்கு இல்லாதவனிடம் பொறுப்புக் கேட்க முடியாது.

இப்போது இன்னொரு அறிவிப்பாளரைப் பார்ப்போம். பத்திரிகை நிருபர். அவரும் அடுத்தவர் வாக்கைத்தான் ஊருக்குக் கொண்டுபோகிறார். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டால், “அவங்க சொன்னதத்தான் எழுதினேன் சார்” என்பார். பாட்டா சொன்ன அதே பதில்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டா ஒரு சொல்லை மாற்றினால் முதுகு பழுக்கும். நிருபர் தினமும் ஒரு சொல்லை மாற்றிக்கொண்டிருக்கிறார், யாரும் அவரைக் கேட்பதில்லை. அந்த ஒரு சொல் வாக்கியத்தின் கடைசியில் இருக்கிற வினைச்சொல்.

அமைச்சர் அறிவித்தார். கலெக்டர் உத்தரவிட்டார். கட்சித் தலைவர் முழங்கினார், சூளுரைத்தார். மடாதிபதி அருளினார். போலீசார் தெரிவித்தனர். நாம்? புகார் கூறினோம், குற்றஞ்சாட்டினோம், குமுறினோம், கதறினோம், கோஷமிட்டோம், முற்றுகையிட்டோம். சேரிப் பெண் ஒருத்தி மனு எழுதி, தேதி போட்டு, சாட்சிப் பெயர் சேர்த்து, கலெக்டர் ஆபீசில் நின்று தெளிவாகப் பேசினாலும் மறுநாள் பத்திரிகையில் கதறிவிடுவாள். அவள் சொன்ன விஷயம் ‘கூறப்படுகிறது’ ஆகிவிடும்.

பத்திரிகைக்காரர்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஒரு குற்றத்தைக் கோர்ட்டு தீர்மானிக்கும்வரை அது குற்றச்சாட்டுதான். மானநஷ்ட வழக்கு வரும். அதனால்தான் கூறப்படுகிறது என்று போடுகிறோம் என்பார்கள். சரி. ஆனால் அந்த எச்சரிக்கை ஏன் ஒரு பக்கமாகவே ஓடுகிறது? போலீஸ் சொன்னதும் ஒரு தரப்பு சொன்னதுதான். அது மட்டும் எப்படித் ‘தெரிவித்தனர்’ ஆகிறது? ஒருவர் தெரிவித்தால் அது ஏற்கெனவே உண்மையாக இருந்து நமக்கு இப்போது தெரிய வருகிறது என்று அர்த்தம். ஒருவர் குற்றஞ்சாட்டினால் அது இனிமேல் உண்மையாக வேண்டும் என்று அர்த்தம். வினைச்சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. 1997 ஜூன் 30ஆம் தேதி மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் பட்டப்பகலில் பஸ்ஸை நிறுத்தி வெட்டிக் கொன்றார்கள். இப்படிப்பட்ட கொலைகளைக்கூட ‘மோதல்’ என்ற பெட்டிக்குள் போட்டுப் பழகியவர்கள் நம் செய்தி ஆசிரியர்கள். மோதலுக்கு இரண்டு பேரும் எழுவாய். வெட்டினவனும் மோதினான், வெட்டுப்பட்டவனும் மோதினான்.

எங்கள் தெருவுக்கும் இந்த அனுபவம் உண்டு. சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் பக்கத்துத் தோட்டக்காரர் வேலி போட்டுவிட்டார். பிணத்தை வாய்க்கால் வரப்பில் தூக்கிக்கொண்டு போக வேண்டிய நிலைமை. ஊர்க்காரர்கள் கூடி, நிலப்பதிவேட்டின் நகலை எடுத்து, நிருபர்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். பாதை புறம்போக்கு என்று அதில் பச்சையாக இருக்கிறது. மறுநாள் ஒரு பத்திரிகையில் செய்தி வந்தது. பெயர் வேண்டாம். “பாதையை ஆக்கிரமித்துள்ளதாக ஒரு தரப்பினர் குற்றஞ்சாட்டுகின்றனர். இதை மறுத்துள்ள நில உரிமையாளர், அது தமது பூர்வீகச் சொத்து என்று விளக்கம் அளித்தார்.” நாங்கள் காட்டியது பதிவேடு. அது குற்றச்சாட்டு ஆயிற்று. அவர் காட்டியது ஒன்றுமில்லை, வாயால் சொன்னார். அது விளக்கம் ஆயிற்று. ‘நில உரிமையாளர்’ என்ற ஒரு சொல்லிலேயே வழக்கும் முடிந்துவிட்டது. நிருபரைப் பார்த்துக் கேட்டபோது, நான் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேனே என்றார். உண்மைதான், இரண்டு பக்கமும் இருந்தது.

இந்த மாவட்டத்தில் அறிவிப்புக்கு இன்னொரு சொல்லும் உண்டு: விளம்பரம். தமிழ்நாட்டில் இன்று விளம்பரம் என்றால் சோப்பு, நகைக்கடை. 1956 நவம்பர் 1ஆம் தேதிவரை நாங்கள் திருவிதாங்கூரில் இருந்தவர்கள். அங்கே விளம்பரம் என்றால் ராஜாவின் பிரகடனம். அடிமைகளை விடுதலை செய்து 1855இல் ஒரு விளம்பரம். நாஞ்சில் நாட்டு வயல்களில் மாட்டோடு மாடாக விற்கப்பட்ட எங்கள் முன்னோர்களுக்கு அதில் சம்பந்தம் உண்டு. 1859 ஜூலை 26ஆம் தேதி இன்னொன்று. சாணார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் மூடக் கூடாது என்றது அது. துணி போடு, அந்தத் துணியிலும் நீ யார் என்று தெரிகிற மாதிரிப் போடு. 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேச விளம்பரம்.

இந்தச் சரித்திரத்தை எழுதினவர்கள் ராஜா செய்ததற்கு விளம்பரம் என்று பெயர் வைத்தார்கள். பெண்கள் செய்ததற்கு? தோள்சீலைக் கலகம். அய்யங்காளியின் தலைமையில் 1915இல் பெரிநாட்டில் புலையப் பெண்கள் அடிமை அடையாளமான கல்மாலையை அறுத்தெறிந்ததற்குப் பெரிநாடு லகளை என்று பெயர் வைத்தார்கள். லகளை என்றாலும் கலகம்தான். பெண் ஒருத்தி நூறு பேர் முன்னால் கழுத்து மாலையை அறுத்துப் போடுவதைவிடப் பெரிய பிரகடனம் உண்டா? சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் நடக்க 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. நடந்தவர்களின் கால்கள் முதலில் அறிவித்தன. அரசாணை பிறகுதான் பறைந்தது. ஆனால் வருஷா வருஷம் நவம்பர் 12ஆம் தேதி கட்டுரை வரும்போது, கோயில் கதவைத் திறந்தவர் ராஜா, அந்த விளம்பரம் அவருடைய பரந்த மனத்தைப் பறைசாற்றுகிறது. அந்த விளம்பரத்தில் பிறப்பாலோ மதத்தாலோ இந்துவாக இருப்பவர்களுக்கு என்று இருந்தது. மயிலாடியில் மகாராசன் என்ற சாம்பவர் வேதமாணிக்கமாகி, 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியாரை இந்த மண்ணுக்கு வரவழைத்த காலத்திலிருந்து கிறிஸ்தவர்களாகிவிட்ட எங்கள் ஆட்களில் பலருக்கு அது பொருந்தவும் இல்லை. அது தனிக் கதை.

பத்திரிகைகளின் பெயர்களையே பாருங்கள். முரசொலி, மாலை முரசு, சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசு. முரசு அரசனின் கருவி, அதனால் முகப்பில் ஏறலாம். ஆங்கிலத்தில் ஹெரால்டு என்று பெயர் வைப்பார்கள். நேஷனல் ஹெரால்டு, டெக்கான் ஹெரால்டு. ஹெரால்டு என்றால் அரசன் வாக்கை ஊருக்கு அறிவிக்கிறவன். அங்கே அறிவிக்கிறவனே கௌரவமான ஆள், பத்திரிகை அவன் பெயரைச் சூடிக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்தவனின் தமிழ்ப் பெயரை முகப்பில் போட ஒருவருக்குத்தான் நெஞ்சு இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்று பத்திரிகை தொடங்கினார். மாதப் பத்திரிகையாகத் தொடங்கி, வாரப் பத்திரிகையாகி, 1900வரை நடந்தது. நான் பறையன் என்று முன்வந்து நிற்காதவனுக்கு உரிமை கிடைக்காது என்பது அவர் கட்சி. அயோத்திதாசருக்கு இதில் உடன்பாடு இல்லை. எதிரி சூட்டின இழிபெயரை நாமே ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். ஆனால் பறை என்பதன் பொருளை அவர் விட்டுவிடவில்லை. வேஷப் பிராமணரின் பொய்களை ஊருக்குப் பறைந்தவர்கள், அதனால் அவர்களைப் பறையர் என்றார்கள் என்று விளக்கம் எழுதினார். இந்த விளக்கத்தைச் சரித்திர ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். எங்கள் ஊர்ப் பேச்சு ஒத்துக்கொள்ளும்.

அம்பேத்கர் 1920 ஜனவரி 31ஆம் தேதி தொடங்கிய பத்திரிகைக்கு ‘மூக்நாயக்’ என்று பெயர். ஊமைகளின் தலைவன். அது வெளிவருகிற செய்தியைக் காசு கொடுத்து விளம்பரமாகப் போடக் கேட்டும் திலகரின் கேசரி மறுத்துவிட்டது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். விளம்பரத்தின் இரண்டு அர்த்தமும் அந்த ஒரு மறுப்பில் சேர்ந்து கிடக்கிறது. 1997இல் தொடங்கிய ‘தலித் முரசு’ அரசனின் முரசைப் பிடுங்கித் தலித்துக்குக் கொடுத்தது. அந்தத் தலைப்பைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் எனக்கு நினைவிருக்கிறது. இதற்கு நடுவில் ஆங்கிலப் பத்திரிகைகள், உலகம் ஒதுக்கிவைத்த நாட்டைப் ‘பரையா நாடு’ என்று கூச்சமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கின்றன. எங்கள் பெயர் ஐக்கிய நாடுகள் சபைவரைக்கும் போயிருக்கிறது, வசவாக.

வசவு என்றதும் தம்பட்டம் நினைவுக்கு வருகிறது. எதிர்க்கட்சி தன் சாதனையைச் சொன்னால் தம்பட்டம் அடிக்கிறது என்று எழுதுவார்கள். தம்பட்டமும் பறை வகைதான். பழைய கல்லின் பெருமைக்கு வந்தால் பறை உயர்ந்த சொல், இன்றைக்கு ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொன்னால் அதே பறை மட்டமான சொல். தன்னைப் பற்றித் தானே அடிப்பதுதான் குற்றம்.

2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதினார். தண்டோரா போடும் பழக்கம் இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம், மீறுகிறவர்கள்மீது நடவடிக்கை வேண்டும் என்றார். நல்ல காரியம், வரவேற்கிறேன். நூறு வருஷம் முந்தி வந்திருந்தால் பாட்டாவின் தோளில் அந்த வார்த் தழும்பு இருந்திருக்காது. ஆனாலும் சட்டப் புத்தகத்துக்குள் அது இன்னும் போகவில்லை. 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், அசையாச் சொத்தை ஜப்தி செய்கிற உத்தரவைப் பறையடித்தோ வேறு வழக்கமான முறையிலோ பிரகடனம் செய்ய வேண்டும் என்று கட்டளை 21, விதி 54 சொல்லுகிறது. அடிக்கிறவன் யார் என்று அதில் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை, ஊருக்குத் தெரியும்.

ஆட்டோவில் கட்டின ஒலிபெருக்கியில் இன்று வருகிற குரல் பட்டணத்துக் குரல், பதிவு செய்தது. சகலமான பேர்களுக்கும் என்றுதான் அதுவும் தொடங்குகிறது.

பறையை விட்டுவிட வேண்டுமா, எடுக்க வேண்டுமா என்று நம்மிடையே முப்பது நாற்பது வருஷமாக விவாதம் நடக்கிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொல்லிப் பறையை உடைத்த ஊர்கள் உண்டு, அதற்காக அடி வாங்கின ஊர்களும் உண்டு. விடுதலையின் கருவி என்று மேடையேற்றினவர்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே இடுப்பில் கட்டி அடித்தார்கள். 2025இல் மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பத்திரிகைகள் ‘பறையிசைக் கலைஞர்’ என்று எழுதின. அந்த ‘இசை’ ஒட்டுப் போடாமல் அச்சில் ஏற்ற இன்னும் கூச்சம். இருக்கட்டும், ஒரு மனிதனின் பெயரோடு பறை அச்சேறியிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் கோயிலானாலும் சர்ச்சானாலும் திருவிழாவுக்குச் சிங்காரி மேளம்தான், அதனால் பையன்களுக்குப் பறை கையில் வராது. உடைத்த ஊர்க்காரர்களையும் மேடையேற்றினவர்களையும் நான் ஒரே பக்கத்தில்தான் வைக்கிறேன். உன் வாக்குக்கு நான் வாய் இல்லை என்று இரண்டு பேருமே சொல்லியிருக்கிறார்கள். கருவியை வைத்துக்கொள்வதும் விடுவதும் அவரவர் இஷ்டம். வினைச்சொல்லை விட எனக்குச் சம்மதமில்லை.

சுடுகாட்டுப் பாதைக்கு வருகிறேன். பத்திரிகையை நம்பிப் பயனில்லை என்று தெருப் பையன்கள் சொந்தக் காசு போட்டு நோட்டீஸ் அடிக்கத் தீர்மானித்தார்கள். முதலில் எழுதின நகலில் ‘சம்பந்தப்பட்டவர்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடித்திருந்தார்கள். எங்கள் சித்தி மகன், காலேஜ் படிக்கிறவன், அதை அடித்துவிட்டு, “பாதை புறம்போக்கு. வேலி சட்டவிரோதம். இதை ஊருக்குப் பறைகிறோம்” என்று எழுதினான். பெரியவர்களுக்குக் கொஞ்சம் தயக்கம். “அந்தச் சொல்லு வேணுமா மக்கா, நம்மளே நம்மள எழுதிக் குடுத்த மாதிரி ஆவாதா” என்றார் ஒருவர். ராத்திரி பத்து மணிவரை பேச்சு ஓடியது. கடைசியில் இருக்கட்டும் என்று விட்டார்கள்.

ஆயிரம் நோட்டீஸ் அச்சாகி வந்தது. பிரித்துப் பார்த்தால் ‘ஊருக்கு அறிவிக்கிறோம்’ என்று இருக்கிறது. அச்சகத்துக்குப் போனோம். “எழுத்துப் பிழைன்னு நெனச்சுத் திருத்திட்டேன் தம்பி, பறைகிறோம்னு தமிழ்ல இல்லல்லா” என்றார் அவர். நல்ல மனுஷன். மறுபடி அச்சடிக்கப் பாதிக் காசுதான் வாங்கினார்.